பூ மண்டிக்காரர் கட்டிய ஏரோப்ளேன்

பினாங்கில் ஒரு விமானப் பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். சக்கரத்திலிருந்து இறக்கை நுனிவரை கழற்றி மாட்டத் தெரியும். ஆனால் ஒரு தடவைகூட ஆகாயத்தில் பறந்ததில்லை. பழுது பார்த்து முடித்ததும் விமானம் மேலே போகும், நாங்கள் சைக்கிளில் வீட்டுக்குப் போவோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. திண்டுக்கல்லில் இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் நாள்தோறும் மேகத்துக்குள் போய் வருகிறவன் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

ஐம்பதுகளின் நடுவில் நான் இந்தியா போனது ஒரு கல்யாணத்துக்காக. மாப்பிள்ளை நான்தான். சின்னாளபட்டிப் பக்கம் இருந்த பெரியப்பா கடிதத்திலேயே எல்லாவற்றையும் பேசி முடித்திருந்தார். பெண் பெயர் மரகதம், தகப்பனார் வேலுச்சாமி திண்டுக்கல்லில் பூ மண்டி வைத்திருக்கிறார், குடும்பத்துக்குப் பூந்தோட்டமும் உண்டு. கடிதத்தோடு ஒரு போட்டோ வந்தது. போட்டோவில் இருந்த பெண் காமிராக்காரரிடம் ஏதோ குற்றம் கண்டுபிடித்ததுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடித்துவிட்டது. கப்பல், ரயில் விவரமெல்லாம் வேண்டாம். கப்பலில் நான் கண்டது பெரும்பாலும் ஒரு வாளியைத்தான்.

ஒரே ஒரு விஷயம் மனசை அரித்துக்கொண்டிருந்தது. என் அம்மாவையும் இந்தப் பக்கத்திலிருந்துதான் பதினேழு வயதில் கப்பலேற்றினார்கள். வர இஷ்டமா என்று ஒருவரும் கேட்கவில்லை. பினாங்கில் சாயங்காலம் ஆனால் அம்மா துறைமுகத்தில் போய் நின்று, நாகப்பட்டினம் போகிற கப்பல் எது என்று கூலிக்காரர்களிடம் விசாரிப்பாள். இருபது வருஷம் விசாரித்தாள். ஒன்றிலும் ஏறாமலே அங்கேயே செத்துப்போனாள். அதனால் தாலி கட்டுவதற்கு முன்னால் மரகதத்திடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும் என்று உறுதியாக இருந்தேன். கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்தது. நாலு நாளில் ஒரு கேள்வி கேட்க முடியாதா என்று நினைத்தேன்.

ஸ்டேஷனிலிருந்து குதிரை வண்டி. பினாங்கின் மூன்று சக்கர சைக்கிள் வண்டியான டிரைஷாவில் பயணி முன்னால், ஓட்டுபவர் பின்னால். இங்கே பயணி பெட்டியோடு பெட்டியாக உள்ளே மடங்கிக் கிடக்க வேண்டும். ஒரு டீக்கடை வாசலில் குதிரை தானாக நின்றது. வண்டிக்காரர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். அடுத்த டீக்கடையிலும் நின்றது.

"ஏரோப்ளேன் மாப்பிள்ள நீங்கதானா?" என்று திரும்பாமலே கேட்டார். "மேல போறப்ப இப்பிடிக் குலுக்குமா?"

"இம்புட்டுக் குலுக்காது," என்றேன். நான் பொய் சொல்லவில்லை. அந்த வண்டியைவிட அதிகமாகக் குலுக்கும் எதையும் மனுஷன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

எனக்கும் பெரியப்பாவுக்கும் என்று தெருக்கோடியில் ஒரு வீடு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். மறுநாள் காலை பெண் வீட்டிலிருந்து இட்லியும் குடல் குழம்பும் வந்தன. கூடவே அவற்றை நான் சாப்பிடுவதைப் பார்க்க ஏழு பேர் வந்தார்கள். பினாங்கில் விடியற்காலை தெருவோர ஒட்டுக்கடையில் மீ கோரேங் என்கிற வறுத்த நூடுல்ஸ் சாப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை. இங்கே எட்டாவது இட்லியில் நான் கையை இழுத்துக்கொண்டதும் ஏழு முகங்களும் வாடிவிட்டன. "கொழம்பு வெஞ்சனம் புடிக்கலையோ?" என்று ஒரு அத்தை பெரியப்பாவிடம் ரகசியமாகக் கேட்டது வாசல்வரை கேட்டது. ஒன்பதாவது இட்லியையும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு சிறுமலைப் பழம் வந்தது. தோல் சுருங்கிக் கறுத்திருந்ததால் அழுகல் என்று ஓரமாக ஒதுக்கினேன். அதுதான் பதம் என்று சொல்லி ஒருவர் உரித்தே கொடுத்துவிட்டார். அப்படி ஒரு பழத்தை நான் மலாயாவில் தின்றதில்லை. இதைச் சொன்னதும் இன்னும் ஒரு சீப்பு வந்தது. அதற்கப்புறம் வாயைத் திறந்து எதையும் பாராட்டவில்லை.

இலையை எடுத்ததும் பெரியப்பாவைத் தனியாக இழுத்தேன். "பொண்ணுகிட்ட வர இஷ்டமான்னு கேட்டீங்களா?"

"ஜாதகம் கேட்டாச்சு. நட்சத்திரம் கேட்டாச்சு. சீர் பேசியாச்சு," என்றார் பெரியப்பா. "இன்னும் என்னப்பா கேக்கணும்?"

"அந்தப் பொண்ணைக் கேக்கணும்."

அவர் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கப்பல் மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று முடிவு செய்து, சுக்குக் காப்பிக்குச் சொல்லி அனுப்பினார்.

மாமாவிடமே கேட்டுவிடலாம் என்று மண்டிக்குப் போனேன். வேலுச்சாமி மாமா குள்ளமான மனிதர், உரத்த குரல். சாக்குப் படுதாவின்மேல் மல்லி, சம்பங்கி, கனகாம்பரம், அரளி என்று குவியல் குவியலாகக் கிடந்தன. நடுவில் நின்று எல்லோரிடமும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். அவர் பேச்சை நிறுத்தி அங்கே யாரும் பார்த்ததில்லைபோல, மண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மாமா, மரகதத்துக்குப் பினாங்கு வர..."

"வாங்க மாப்ளே, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்," என்று என் கையைப் பிடித்து நாகல் நகர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அங்கே சுப்பையா ஆசாரியின் கொட்டகை. லாரிக்கு மரத்தால் பாடி கட்டுகிற இடம். உள்ளே ஒரு லாரியின்மேல், மூங்கிலும் வேட்டித் துணியும் வெள்ளிப் பெயின்டுமாக, ஒரு விமானம் நின்றது. மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்காக. ஊரில் அன்னப்பறவை கட்டுவார்கள், தாமரை கட்டுவார்கள். மாப்பிள்ளை விமான வேலைக்காரர் என்பதால் மாமா விமானம் கட்டச் சொல்லியிருந்தார். அது போகட்டும். அதற்கு இறக்கை மூன்று. ஒன்றன்மேல் ஒன்றாக, அலமாரித் தட்டு அடுக்கினாற்போல.

நான் சிரித்துவிட்டேன். மரியாதை கருதி உடனே இருமலாக மாற்றினேன்.

"என்ன தப்பு?" என்றார் ஆசாரி. ஏமாறுகிற ஆள் இல்லை அவர்.

"இப்பல்லாம் ஒரே இறக்கைதான். நீளமா இருக்கும். எதுக்கு மூணு வச்சீங்க?"

ஆசாரி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். மாமாவுக்குப் பூ அனுப்புகிற விவசாயிகள் இருபத்துநாலு பேர். எல்லோர் தோட்டத்துப் பூவும் ஊர்வலத்தில் தெரிய வேண்டும். ஒருத்தர் பூ தெரிந்து இன்னொருத்தர் பூ தெரியாவிட்டால், தெரியாதவர் மறுநாளே அடுத்த மண்டிக்குப் போய்விடுவார். அதனால் ஆளுக்கு ஒரு முழம். இருபத்துநாலு முழம் என்றால் முப்பத்தாறு அடி இறக்கை.

"தெரு பதினஞ்சடி," என்றார் ஆசாரி. "முப்பத்தாறடியை உள்ள விட்டா ரெண்டு பக்கமும் வீட்டை இடிக்கணும். மூணா வெட்டுனேன். பன்னெண்டடி. அடுக்கிட்டேன்."

என் சிரிப்பு நின்றுவிட்டது. பினாங்குப் பட்டறைச் சுவரில் ஒரு பழைய போட்டோ தொங்கும். விமானம் கண்டுபிடித்த புதிதில் செய்த மூன்றடுக்கு விமானம். எங்கள் மேஸ்திரி அதைக் காட்டி விளக்கியிருக்கிறார். அப்போதெல்லாம் இன்ஜினுக்குப் பலம் போதாது, தூக்குவதற்கு நிறைய இறக்கை வேண்டும். நீளமாக வைத்தால் ஒடியும். அதனால் குட்டையாக வெட்டி, அடுக்கி, நடுவில் தூண் கொடுத்து, குறுக்கே கம்பி இழுத்துக் கட்டினார்கள். சீமையில் படித்தவர்கள் தலையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை, சுப்பையா ஆசாரி சம்பங்கிக்காகக் கண்டுபிடித்திருந்தார். நான் இதை அவரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "அவங்க ஊர்லயும் தெரு சின்னதா இருந்திருக்கும்," என்றார்.

"அது பறந்துச்சா?" என்று மாமா கேட்டார்.

"பறந்துச்சு மாமா. நல்லாவே திரும்பும். ஆனா மூணு இறக்கையும் தூணும் கம்பியும் காத்தைத் தடுக்கும், வேகம் வராது. நாலஞ்சு வருஷத்துல விட்டுட்டாங்க."

"நமக்கு எதுக்கு வேகம்? பிள்ளையார் கோயில்லருந்து வீட்டுக்கு வர நாலு மணி நேரம் ஆகணும். அப்பத்தான் ஊர்வலம்," என்றார் மாமா திருப்தியாக.

ஆசாரி தூண் மட்டும்தான் கொடுத்திருந்தார், குறுக்குக் கம்பி இல்லை. மேல் இறக்கையைத் தொட்டால் ஊஞ்சல்போல் ஆடியது. அதற்காகத்தான் என்னை அழைத்து வந்தார்கள் என்று அப்போது புரிந்தது. கட்டுக்கம்பியைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, நடுவில் குச்சி கொடுத்து முறுக்கி இறுக்குவது எப்படி என்று காட்டினேன். சாயங்காலம்வரை நானே முறுக்கினேன். தன் ஊர்வல வாகனத்துக்குத் தானே கம்பி கட்டிய மாப்பிள்ளை அந்தத் தாலுகாவில் வேறு யாரும் இருக்க முடியாது. கேட்க வந்த கேள்வி இரவு படுத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள் ஒத்திகை. லாரி ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி இரவல் கொடுத்தது. அதோடு வந்த டிரைவர் பழனியப்பன், கேரளாவுக்குத் தக்காளியும் வெங்காயமும் கொண்டுபோகிறவர். லாரியில் அந்த வாசனை ஊறிப்போயிருந்தது. நான் விமானி இருக்கையில் உட்கார்ந்து பார்த்தேன். மேலே வெள்ளிப் பெயின்டு, கீழே வெங்காயம்.

"ஏனுங்க மாப்பிள்ளைங்க," என்றார் பழனியப்பன். "மேல இருந்து பாத்தா எங்க ஒட்டன்சத்திரம் சந்தை தெரியுங்களா?"

பக்கத்தில் பத்துப் பேர் நின்றார்கள். உண்மையைச் சொல்லிவிட நல்ல சமயம்தான். "மேகம் இல்லைன்னா தெரியும்," என்றேன். கோழைத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். மாமா அந்தப் பத்துப் பேரையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார், அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

அன்று இரண்டாவது முறையாக மாமாவிடம் கேட்டேன். இந்தத் தடவை வழியை மறித்துக்கொண்டு கேட்டேன். "நான் மரகதத்துகிட்ட செத்த நேரம் பேசணும் மாமா. நீங்களே கூட இருங்க. கடல் தாண்டி வர அவங்களுக்கு மனசு இருக்கான்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

மாமா என்னைப் பார்க்காமல் விமானத்தைப் பார்த்தார். "தாலி கட்டறதுக்கு முன்னாடி பேசுறது எங்கள்ல பழக்கம் இல்ல மாப்ளே," என்றார். "அந்தப் பின்னால இருக்கிற வாலு சின்னதாத் தெரியல?" என்று ஆசாரியைத் தேடிப் போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. பெண்ணைப் பற்றிக் கேட்டால் வாலைப் பற்றிப் பேசுகிறாரே என்று அன்றைக்கு அவர்மேல் நிஜமாகவே கோபப்பட்டேன்.

நாலாம் நாள் விடியும்போதே இருபத்துநாலு விவசாயிகளும் கூடையோடு வந்துவிட்டார்கள். ஒருத்தர் முழம் என்று முழங்கையை நீட்டினால் இன்னொருத்தர் தன் கை அதைவிட நீளம் என்றார். மல்லிக்காரர் மேல் இறக்கை கேட்டார். கோழிக்கொண்டைப் பூக்காரர் தன்னைக் கீழ் இறக்கையில் போட்டதற்காகக் காப்பி குடிக்க மறுத்தார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தபோது ஒரு முழத்துக்குப் போட வேண்டிய பூவில் மூன்று மடங்கு தொங்கிக்கொண்டிருந்தது.

பூ வாடக் கூடாதே என்று மாமா மணிக்கொரு தரம் பூவாளியால் தண்ணீர் தெளித்தார். தண்ணீருக்குத் தவிக்கிற ஊர், ஆனால் அன்றைக்கு அந்த லாரிக்கு மட்டும் பஞ்சமில்லை. இறக்கைத் துணியும் ஊறிக் கனத்துவிட்டது.

"போதும் மாமா. விமானத்துக்குப் பாரம்தான் எதிரி," என்றேன்.

"பூ வாடுனா எனக்கு இருபத்துநாலு எதிரி," என்று அடுத்த பூவாளியைத் தூக்கினார்.

பொழுது சாய ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மேளம், நாதஸ்வரம். லாரிக்கு இரண்டு பக்கமும் நுனியில் கவை உள்ள மூங்கிலோடு இரண்டு பேர். தெருவில் குறுக்கே வருகிற கரண்டுக் கம்பியைத் தூக்கிப் பிடிப்பது அவர்கள் வேலை. நான் பட்டு வேட்டியும் மாலையுமாக, மல்லிகைக்கும் வெங்காயத்துக்கும் நடுவில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டே போனேன். உள்ளே மனசு சரியில்லை. விடிந்தால் முகூர்த்தம். நான் இன்னும் கேட்கவில்லை. அம்மா துறைமுகத்தில் நின்ற முகமே கண்ணில் வந்துகொண்டிருந்தது.

பெண் வீட்டுத் தெருவுக்குள் லாரி திரும்பியபோது மேல் இறக்கையின் வலப்பக்கம் ஈரப் பாரம் தாங்காமல் தொய்ந்தது. தொய்ந்த நுனி, முனையில் இருந்த பெண் வீட்டின் பக்கச் சுவரில், மாடி ஜன்னலுக்கு மேல் இருந்த தகரச் சாய்ப்புக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. பழனியப்பன் வண்டியை நிறுத்தினார். முன்னால் போனால் இறக்கை ஒடியும், பின்னால் வந்தால் சாய்ப்பு பெயரும். ஆசாரி பந்தலில் இருந்தார், கூட்டத்தைத் தாண்டி வர முடியவில்லை. கம்பியை முறுக்கத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான்.

மாலையைக் கழற்றிவிட்டு, இருக்கைக்கு அடியில் கிடந்த குறடை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு தூணைப் பிடித்து ஏறினேன்.

"மாப்பிள்ளைங்க ஏறலாமுங்களா?" என்று பழனியப்பன் கீழே கவலைப்பட்டார். மேளக்காரர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துக் கெட்டிமேளம் வாசித்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்தபோது ஜன்னல் கதவு திறந்தது. பெண்கள் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு வாசலுக்குப் போயிருந்தார்கள். ஊர்வலத்தைப் பார்க்கக் கூடாது என்று பெண்ணை மட்டும் மாடியில் உட்கார வைத்திருந்தார்கள். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் மரகதம், இந்தப் பக்கம் இறக்கையின்மேல் நான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் மல்லிகை.

"அந்தத் தகரத்துல கைய வைக்காதீங்க, கிழிச்சிரும்," என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கம்பி வழியாகக் கையை விட்டு மூங்கில் நுனியைத் தூக்கிப் பிடித்தாள். "நான் தூக்கிக்கிறேன். நீங்க முறுக்குங்க."

நான் முறுக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும்," என்றேன்.

"சீக்கிரம் கேளுங்க. கை வலிக்குது."

"பினாங்குக்கு வர உங்களுக்கு இஷ்டந்தானா? இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க. பழியை என்மேல போட்டுக்கிட்டு இறங்கிப் போயிடுறேன். உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்லாம பாத்துக்கிறேன்."

அவள் போட்டோவில் பார்த்ததுபோலவே என்னைப் பார்த்தாள். பிறகு, "நீங்க எத்தன தடவ ஏரோப்ளேன்ல போயிருக்கீங்க?" என்று கேட்டாள்.

இவளிடமும் மேகத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. "ஒரு தடவைகூட இல்ல. ரிப்பேர் பண்றதோட சரி. இங்க வந்ததும் கப்பல்லதான். வழி முச்சூடும் வாந்தி."

"ஊரெல்லாம் நீங்க பறக்கிறவருன்னுல்ல பேச்சு."

"நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் மூங்கில் கையிலிருந்து நழுவப் பார்த்தது, மறுபடி பிடித்துக்கொண்டாள். "எனக்கு இருந்த பயமே அதுதான்," என்றாள். "நீங்க எல்லாத்தையும் பாத்தவரு. நான் அங்க வந்து, ஒவ்வொண்ணுக்கும் உங்க மொகத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமேன்னு ராத்திரியெல்லாம் யோசன. உங்களுக்கும் தெரியாதது இருக்குன்னா சரி. நான் வாரேன். ஆனா ஏரோப்ளேன்ல ஏறுறதா இருந்தா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறணும். எனக்கு முந்தி நீங்க ஏறிரக் கூடாது."

"ஏற மாட்டேன்."

"அப்பக் கம்பிய முறுக்குங்க. கை போச்சு எனக்கு."

முறுக்கினேன். இரண்டு தடவை குச்சி நழுவியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மறைக்க ஒன்றுமில்லை. இறக்கை நிமிர்ந்து சாய்ப்பைவிட்டு விலகியதும் அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கீழே கூட்டம் கை தட்டியது.

நான் இறங்கி இருக்கையில் உட்கார்ந்ததும் மாமா லாரியின் படியில் ஏறி என் பக்கத்தில் நின்றுகொண்டார். லாரி மெல்ல நகர்ந்தது.

"ஜன்னல் தெறந்துச்சே," என்றார், நேரே பார்த்தபடி. "கேட்டீங்களா?"

"கேட்டேன் மாமா."

"என்ன சொன்னா?"

"வாரேன்னாங்க."

மாமா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் உரத்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நாலு மாசமா அவகிட்ட நானே கேக்கணும்னு இருந்தேன் மாப்ளே. வாயே வரல."

"மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னா மாமா?"

"இல்ல," என்றார் மாமா. "சரின்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு."